நம்ம வீட்டிலேயே ஒரு சர்வர்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணிக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



சேமிப்பு, கடன் வசூல், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. சாப்பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. பசி நேரத்தில் கம்ப்யூட்டர் பற்றிப் பேசினால் யாருக்குக் காது கேட்கும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் இது வெறும் கம்ப்யூட்டர் விஷயம் இல்லை. நம்ம கூட்டமைப்போட தகவல் யார் கையில இருக்குது என்கிற விஷயம். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2017-இல் நம் கூட்டமைப்புக்கு ஓர் இணையதளம் போட்டது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பணம் கட்டிச் செய்தது. மகளிர் தின விழாப் படங்கள், நம்ம ஊறுகாய், சத்துமாவு, பாக்குமட்டைத் தட்டு விலைப்பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு வருடம் ஓடியது. பிறகு கடைக்காரர் தொழிலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். இணையதளத்தின் பெயர் என்பது வாடகைப் பெயர்தான், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்த நினைவூட்டல் அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது. பாஸ்வேர்டும் அவரிடம்தான். ஒருநாள் பார்த்தால் பக்கமே வரவில்லை. பெயரும் போனது, படங்களும் போயின.

அப்போது ஒரு உறுப்பினர் கேட்டார்: "நம்ம போட்டோ எல்லாம் இன்டர்நெட்லதான இருந்துச்சு? இன்டர்நெட்டு எங்கயும் போகலயே. போட்டோ மட்டும் எப்படிப் போச்சு?"

நல்ல கேள்வி. படித்தவர்களும் கேட்கத் தவறுகிற கேள்வி. இன்டர்நெட் என்பது ரோடு மாதிரி. ரோட்டில் யாரும் சாமான் வைக்க முடியாது. சாமான் எப்போதும் யாராவது ஒருவர் வீட்டில்தான் இருக்கும். நம் படங்கள் ஏதோ ஓர் ஊரில், யாருடைய கம்ப்யூட்டரிலோ இருந்தன. அந்த வீட்டுக்கு வாடகை கட்டுவது நின்றதும், சாமானை எடுத்து வெளியே போட்டுவிட்டார்கள். அப்படிப் பக்கங்களை வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற கம்ப்யூட்டருக்குப் பெயர்தான் சர்வர்.

சர்வர் என்றால் நமக்குத் தெரியாத வார்த்தையா? ஓட்டலில் பார்க்கிறோமே, அதே சர்வர்தான். நாம் உட்கார்ந்து "ரெண்டு இட்லி" என்கிறோம். அவர் உள்ளே போய் எடுத்து வந்து வைக்கிறார். கம்ப்யூட்டர் சர்வரும் அவ்வளவுதான் செய்கிறது. உங்கள் போன் "இந்தப் பக்கம் வேணும்" என்று கேட்கிறது, அது எடுத்து அனுப்புகிறது. அந்தப் பக்கம் இல்லை என்றால் "இட்லி தீந்துபோச்சுங்க" என்று சொல்லுமே, அதுதான் போனில் நீங்கள் பார்க்கிற 404 என்ற எண். "இருக்கு, ஆனா உங்களுக்குத் தரமாட்டேன்" என்றால் அது 403. இந்த எண்களைப் பார்த்து போன் ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நம்மிடையே உண்டு. இனி வேண்டாம்.

இந்த வேலைக்குத் தனியாகப் பெரிய மெஷின் வேண்டும் என்பதில்லை. உலகத்தின் முதல் இணையப் பக்கத்தை 1990-இல் சுவிட்சர்லாந்தில் செர்ன் என்ற ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் தன் மேசையில் இருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்துதான் கொடுத்தார். யாராவது தெரியாமல் அணைத்துவிட்டால் பக்கம் போய்விடும் இல்லையா? அதனால் அதன் மேல் ஒரு தாளை ஒட்டி, இது சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி வைத்தார். அந்தப் பெட்டியைத் தாளோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி செர்ன் நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. அன்றைக்கு அப்படி விடாமல் காப்புரிமை கேட்டிருந்தால், இன்று இந்த ஹாலில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருவோம். நம் உறுப்பினர் ஒருவர் வீட்டிலேயே தையல் தைக்கிறார். பத்தாவது வரை படித்தவர். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் தையல் அக்கா என்றே சொல்கிறோம். அவர் மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கத்தின் விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நம் பக்கத்து ஊர்களில் கிடைக்காத வீடு குறைவு. பையன் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறான். மடிக்கணினி பீரோ மேல் தூசி படிந்து கிடந்தது. ஒரு பக்கம் கீல் உடைந்திருந்தது. பேட்டரி இருபது நிமிடம்கூடத் தாங்காது. "இதைப் பழைய சாமான்காரன்கிட்ட போடலாம்னு இருந்தேன்" என்றார். நாங்கள், "போடாதீங்க, இதையே சர்வர் ஆக்கலாம்" என்றோம். அவர் சிரித்தார்.

எங்களில் யாரும் கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவர்கள் இல்லை, சமூகப்பணி படித்தவர்கள். தெரிந்த கொஞ்சத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம் என்று போனோம். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: கீபோர்டில் எங்கள் கை படக்கூடாது. தட்டுவது முழுக்க அக்காதான். பயிற்சி என்ற பெயரில் பயிற்சியாளரே எல்லாவற்றையும் செய்துவிட்டுப் போனால், அடுத்த வாரம் அவருக்கு என்ன மிஞ்சும்? ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

முதல் ஞாயிறு முழுக்கப் போட்டோ எடுத்து வைப்பதிலேயே போயிற்று. பழைய மடிக்கணினியில் புதிய இயங்குதளம் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பையனின் பள்ளிக்கூடப் படங்கள், பாட்டி இருந்தபோது எடுத்தது எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி, போனிலும் சரிபார்த்த பிறகுதான் மேலே போனோம். நீங்கள் யாராவது செய்வதாக இருந்தால் இந்த ஒரு வேலையை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.

இயங்குதளம் என்றால் கம்ப்யூட்டரை நடத்துகிற அடிப்படை ஏற்பாடு. இதற்கு லினக்ஸ் என்பதைப் போட்டோம். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது. இன்றைக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள், விலை கிடையாது. அதில் பல வகை உண்டு. நாங்கள் எடுத்தது டெபியன். அலுவலகத்தில் இறக்கி, பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம்.

அடுத்தது கட்டளை அடிப்பது. இங்கேதான் நிறையப் பேர் பயந்து விடுகிறார்கள். கறுப்புத் திரை, அதில் இங்கிலீஷ் எழுத்து. அக்கா என்ன செய்தார் தெரியுமா? 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, கீழே இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டார். "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் அப்பாச்சி2". சூடோ என்றால் வீட்டுப் பெரியவர் அனுமதியோடு செய் என்று அர்த்தம். ஆப்ட் என்பது சாமான் கொண்டு வருகிற ஆள். இன்ஸ்டால் என்றால் கொண்டுவந்து பொருத்து. அப்பாச்சி என்பதுதான் நாம் சொன்ன சர்வர், 1995-இல் வந்தது, இதுவும் இலவசம். நாலு வார்த்தைக்கு நடுவே இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளிதான் புதியவர்களுக்குப் பெரிய தொல்லை. கண்ணுக்குத் தெரியாததை எப்படி ஞாபகம் வைப்பது? அக்கா நோட்டில் இடைவெளி வருகிற இடத்தில் எல்லாம் சிவப்புப் பேனாவில் ஒரு சின்ன வட்டம் போட்டார். அதன் பிறகு தப்பே வரவில்லை. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நாங்கள் பார்க்காத யோசனை அது.

பாஸ்வேர்டு கேட்டது. அக்கா தட்டுகிறார், திரையில் ஒன்றும் வரவில்லை. புள்ளிகூட வரவில்லை. "கீபோர்டு போச்சு" என்று கையை எடுத்துவிட்டார். லினக்ஸில் அப்படித்தான். பக்கத்தில் நிற்பவர் எத்தனை எழுத்து என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றுமே காட்டாது. தட்டி முடித்து என்டர் கொடுத்தால் போதும்.

இரண்டு நிமிடம் ஓடியது. பிறகு பிரவுசரில் 127.0.0.1 என்று அடிக்கச் சொன்னோம். அது எந்தக் கம்ப்யூட்டரும் தன்னையே கூப்பிட்டுக்கொள்கிற எண். அப்பாச்சி தானாக வைத்திருக்கிற ஒரு பக்கம் வந்தது. இங்கிலீஷில்தான் இருந்தது, "வேலை செய்கிறது" என்று அதற்கு அர்த்தம். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இது எங்கிருந்து வந்துச்சு?" என்றார். "வெளியிலிருந்து வரலக்கா. உங்க மடியிலிருந்துதான் வந்திருக்கு" என்றோம்.

அடுத்த வாரங்களில் அந்த இங்கிலீஷ் பக்கத்தை எடுத்துவிட்டுத் தமிழ்ப் பக்கம் வைக்கிற வேலை. எழுதுவதற்குச் சின்னச் சின்னக் குறிகள் உண்டு. தலைப்புக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. தலைப்பு, பத்தி என்று ஒன்றைத் திறந்தால் மூட வேண்டும். ஒரு தடவை மூட மறந்து, பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்தாக வந்தது. அக்காவே கண்டுபிடித்துவிட்டு, "ஹூக் ஒரு பக்கம் தச்சா, மாட்டறதுக்கு எதிர்ப்பக்கமும் தைக்கணும்ல" என்றார். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தை லினக்ஸ் ரொம்பக் கறாராகப் பார்க்கும். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டுச் சேமித்த பக்கத்தைச் சின்ன எழுத்தில் கேட்டால், "அப்படி ஒன்று இல்லை" என்றுதான் சொல்லும். ரேஷன் கார்டில் ஒரு எழுத்து மாறினால் நம்மை அலைய விடுவார்கள் இல்லையா, அதே குணம்தான்.

தமிழில் அடித்ததும் திரையில் கன்னாபின்னாவென்று எழுத்துகள் வந்தன. இதில் இரண்டு சங்கதி உண்டு. ஒன்று, பக்கத்தின் தலையில் "இது யூ.டி.எஃப்.-8 எழுத்து முறை" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்தவுடன் தமிழ் வந்துவிட்டது. இரண்டாவது, நம்மிடம் பழைய நோட்டீஸ்கள் டி.டி.பி. சென்டரில் அடித்தவை இருக்கின்றன. அவை பழைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் இங்கிலீஷ் எழுத்தாகத்தான் தெரியும். யூனிகோடு முறையில் மறுபடி அடிக்க வேண்டும், அல்லது மாற்றித் தருகிற செயலி மூலம் மாற்ற வேண்டும். போனில் நீங்கள் அடிக்கிற தமிழ் எல்லாம் யூனிகோடுதான்.

நாலாவது ஞாயிறு போனில் பார்த்தோம். அலுவலகத்தில் சும்மா கிடந்த வைஃபை ரூட்டரை எடுத்துப் போய், மடிக்கணினியையும் நாலு பேர் போனையும் அதில் இணைத்தோம். ரூட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்கும். மடிக்கணினிக்கு 192.168.1.5 என்று வந்தது. போனில் அந்த எண்ணை அடித்தவுடன் அக்காவின் பக்கம் வந்தது: பிளவுஸ் தையல் கூலி, அளவு எடுத்து அனுப்புவது எப்படி, அடுத்த குழுக் கூட்டம் என்றைக்கு. பக்கத்து வீட்டு உறுப்பினருக்கு ஆச்சரியம், "என் போன்ல நெட்டு தீந்து ரெண்டு நாளாச்சே, இது எப்படி வருது?" நெட் தேவையே இல்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன ரோடு போட்டிருக்கிறோம், அதில்தான் வருகிறது. வெளி இணைப்பு அறுந்து போனாலும் வரும்.

மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து போன். "வரமாட்டேங்குது." இரவில் கரண்டு போய் வந்திருக்கிறது. ரூட்டர் மறுபடி எழுந்தபோது எண்களைப் புதிதாகப் பங்கிட்டுவிட்டது. நேற்று 5 என்று முடிந்தது இன்று 8. டோக்கன் மாதிரி, நேற்று கொடுத்த நம்பரே இன்றும் கிடைக்கும் என்று உறுதி இல்லை. ரூட்டரின் அமைப்புக்குள் போய், "இந்தக் கம்ப்யூட்டருக்கு இந்த எண்ணை ஒதுக்கி வை" என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். இன்னொன்று, மடிக்கணினியின் மூடியை மூடினால் அது தூங்கிவிடும், பக்கமும் தூங்கிவிடும். மூடினாலும் தூங்காதே என்று அமைப்பில் மாற்ற வேண்டும். உடைந்த கீல் இதற்குத் தடை இல்லை. இருபது நிமிட பேட்டரிகூட லாபம்தான், கரண்டு போய் வருகிற இடைவெளியில் சர்வர் விழாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பழைய பேட்டரி உப்பினால் அன்றே கழற்றிவிட வேண்டும், அதில் விளையாடக் கூடாது. மூடி போட்ட மெஷின் மேல் துணியை அடுக்கவும் கூடாது, சூடு வெளியேற வேண்டும்.

கரண்டு பில் என்ன ஆகும் என்று முன்வரிசையில் கேட்கிறீர்கள். பழைய மடிக்கணினி சும்மா ஓடிக்கொண்டிருந்தால் சுமார் 20 வாட் இழுக்கும். நாள் முழுக்க வைத்தால் அரை யூனிட்டுக்குள், மாதம் 14, 15 யூனிட். பெரிய டேபிள் கம்ப்யூட்டர் என்றால் 70 வாட் அளவு, மாதம் 50 யூனிட். அதனால் பழைய டேபிள் கம்ப்யூட்டர் சும்மா கிடைத்தாலும் இதற்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ராஸ்பெரி பை என்று உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் 2012-இல் வந்தது. அது 5 வாட்டுக்குள் முடித்துவிடும். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், மடிக்கணினி வீட்டிலேயே இருக்கிறது. ராத்திரி யாரும் பார்க்கப் போவதில்லை என்றால் முறைப்படி அணைத்துவிட்டுப் படுங்கள். பிளக்கைப் பிடுங்காதீர்கள். அக்கா வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்காக இரண்டு முறை பிளக் பிடுங்கப்பட்டு, இப்போது அங்கேயும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அந்த சுவிட்சர்லாந்துத் தாள் மாதிரியேதான், சிவப்பு மைதான்.

இப்போது முக்கியமான இடம். "சரி, வெளியூர்ல இருக்கிற என் தங்கச்சி இதைப் பார்க்க முடியுமா?" என்று அக்கா கேட்டார். முடியும், ஆனால் அது வேறு வேலை. இதுவரை செய்தது வீட்டுக்குள் சமைத்து வீட்டுக்குள் பரிமாறியது. தெருக்கதவைத் திறப்பது அப்படி இல்லை.

முதலில், திறக்க முடியுமா என்பதே சந்தேகம். இணையத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிமுகவரி எண் வேண்டும். பழைய முறையில் அந்த எண்கள் மொத்தமே சுமார் 429 கோடிதான். உலக மக்கள்தொகை 800 கோடிக்கு மேல். அதனால் பல கம்பெனிகள் ஒரே வெளிமுகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பொதுவாக வைத்துவிடுகின்றன. போன் இணைப்பில் பெரும்பாலும் இப்படித்தான். அப்பார்ட்மெண்ட் வாசலில் ஒரே ஒரு கதவு எண் இருந்து, உள்ளே எந்த வீடு என்று எழுதாவிட்டால் தபால்காரர் என்ன செய்வார்? ரூட்டருக்குள் பார்க்கும்போது வெளிமுகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் உங்களுடையது பொதுமுகவரி இணைப்பு. எவ்வளவு முயன்றாலும் வெளியிலிருந்து நேராக யாரும் வர முடியாது. இது தெரியாமல் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தனி முகவரி இருந்து கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை அக்காவுக்கு எங்கள் அலுவலக இணைப்பில் காட்டினோம். கம்ப்யூட்டருக்குப் பல கதவுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் எண். 80, 443 இரண்டும் பக்கம் பார்க்க வருகிறவர்களுக்கு. 22 என்பது வீட்டுக்காரர் தூரத்திலிருந்து உள்ளே நுழைகிற கதவு. யார் வந்தார்கள் என்று சர்வர் ஒரு பதிவேடு எழுதிக்கொண்டே இருக்கும். திறந்த அன்றைக்கே பதிவேட்டில் நமக்குத் தெரியாத ஊர்களிலிருந்து வரிசையாக வரிகள். "வேர்ட்பிரஸ் நிர்வாகி அறை எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு அறையே நம்மிடம் இல்லை. 22-ஆம் கதவில் அட்மின் என்ற பெயரில், ரூட் என்ற பெயரில் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம்மைக் குறிவைத்து வருபவர்கள் இல்லை. உலகத்தில் உள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்ட நிரல்கள் அவை. நம்ம ஊர்ப் பேரும் தெரியாது, கூட்டமைப்பும் தெரியாது. தாழ்ப்பாள் போடாத கதவு எது என்பது மட்டும் வேண்டும்.

அக்கா அந்தப் பதிவேட்டை ரொம்ப நேரம் படித்தார். பிறகு, "எனக்கு வீட்டுக்குள்ள போதும்" என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. அதுதான் சரியான முடிவு என்றும் நினைக்கிறோம். வெளியூரில் வாங்குபவர்களுக்கு நம் சத்துமாவு விலையைக் காட்ட வேண்டும் என்றால் மறுபடி வாடகை இடமே எடுக்கலாம், அதில் வெட்கம் இல்லை. ஆனால் இந்த முறை பெயர் கூட்டமைப்பின் பெயரில் பதிவாக வேண்டும், மின்னஞ்சல் கூட்டமைப்புடையதாக இருக்க வேண்டும், புதுப்பிக்கும் தேதி சுவர்க் காலண்டரில் இருக்க வேண்டும், பக்கங்களின் நகல் அக்காவின் மடிக்கணினியில் இருக்க வேண்டும். கடைக்காரர் போனாலும் நம் சாமான் நம்மிடம் இருக்கும்.

இந்த மாதிரி முயற்சி நம் பக்கத்தில் புதிதும் இல்லை. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம். அங்கிருந்து கிராமங்களுக்குத் தகவல் போகும். நடத்தியவர்களில் பலர் கிராமத்துப் பெண்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை உயரம் எவ்வளவு என்பதை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். ஊருக்கு எது வேண்டுமோ அதை ஊர் மொழியில் ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

இனி, போன மாதச் செயற்குழுவில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அக்காவின் பக்கத்தைப் பார்த்த பிறகு, கூட்டமைப்பு அலுவலகத்திலும் ஒன்று வைக்கலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கூட்டத் தேதி, பயிற்சி அறிவிப்பு, விண்ணப்பப் படிவம் எல்லாம் அதில் போடலாம். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் இரண்டு நாளில் "குட்மார்னிங்" படங்களுக்கு அடியில் போய்விடுகிறது, புதிதாகச் சேர்ந்தவர்கள் பழையதைப் பார்க்க முடிவதில்லை. இது நிலையாக ஓரிடத்தில் இருக்கும். அதுவரை சரி. அப்போது ஒரு பிரதிநிதி, "அப்படியே யார் யாரு தவணை பாக்கின்னு லிஸ்ட்டும் போட்டுடலாம். நாலு பேரு பார்த்தா தானா வசூலாகும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வசூல் குறைந்தால் வங்கியில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பலரும் தலையாட்டினார்கள்.

பின்னால் இருந்து ஒரு உறுப்பினர் எழுந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிச் செலவு ஆகி மூணு தவணை நின்னுச்சு. குழுவுக்குத் தெரியும். குழு பொறுத்துக்கிச்சு, நானும் கட்டி முடிச்சேன். அதை எழுதிப் போட்டிருந்தா, எம் பொண்ணைக் கேட்டு வர்றவங்க அதைத்தான் மொதல்ல படிச்சிருப்பாங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"அலுவலக வைஃபைல மட்டும்தானே தெரியப்போகுது" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் போனில் தெரிகிற எதையும் ஒரு நொடியில் படம் பிடித்து அனுப்பிவிடலாம். கரும்பலகையில் எழுதினால் அழித்துவிடலாம், இதை அழிக்க முடியாது. யார் கடனில் தவிக்கிறார் என்று தெரிந்தால் அதிக வட்டிக்காரர்களும் அந்த வாசலைத் தேடித்தான் வருவார்கள். குழுவுக்குள் பேசுவது வேறு, பட்டியலாகப் போடுவது வேறு. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவருடைய விவரத்தைக் கையாள அவருடைய சம்மதத்தைத்தான் அடிப்படையாக வைக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் கருத்து இதுதான் என்று சொன்னோம். கணக்கு இருக்க வேண்டிய இடம் பேரேடும் குழுக் கூட்டமும்.

தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தானது: சேமிப்பு, கடன், பாக்கி விவரம், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், உறுப்பினர் போன் எண், குழந்தைகள் படம் எதுவும் சர்வரில் ஏறக் கூடாது. பெரியவர்கள் படம் அவர்களைக் கேட்டுத்தான். பட்டியல் கேட்ட பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டார். வசூலுக்கு வேறு வழி பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது இன்னும் பாக்கி இருக்கிறது, அது அடுத்த செயற்குழுவில் வரும்.

பாஸ்வேர்டு இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். ஒருவர் அலுவலகக் கணக்காளர், மற்றவரைச் செயற்குழு தேர்ந்தெடுக்கும். எழுதி உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்து வாங்கி பீரோவில் வைப்போம். நிர்வாகி மாறினால் அன்றே பாஸ்வேர்டும் மாறும். சனிக்கிழமைதோறும் பக்கங்களைப் பென்டிரைவில் நகல் எடுத்து அலுவலகத்தில் வைக்காமல் இன்னொரு வீட்டில் வைக்க வேண்டும். திருட்டோ தீயோ வந்தால் இரண்டும் சேர்ந்து போகக் கூடாது.

கற்றுக்கொள்ள இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை 10 மணிக்கு, கூட்டமைப்பு அலுவலகத்தில். இந்த முறை சொல்லித்தரப் போவது தையல் அக்கா. நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். வீட்டில் பழைய விலையில்லா மடிக்கணினி இருப்பவர்கள் சார்ஜரோடு கொண்டு வாருங்கள், ஓடாவிட்டாலும் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம். உள்ளே இருக்கிற போட்டோவை எடுத்து வைக்க ஒரு பென்டிரைவ் வேண்டும். 40 பக்க நோட்டு, நீலப் பேனா, சிவப்புப் பேனா. சாப்பாடு அலுவலகத்தில். கைக்குழந்தை உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்கிறோம்.